ஒற்றை நீர்நாயும் உடன் கண்டவரும்

மட்டாஞ்சேரிக்குச் செல்லும் படகென்று எண்ணி நான் ஏறியமர்ந்த படகு, என்னை வெலிங்டன் தீவில் இறக்கிவிட்டது. பிழை என்னுடையதே. எர்ணாகுளத்துப் படகுத்துறையில் தெளிவான பலகை இருந்தது. அதைப் படித்து முடிக்கும் பொறுமைதான் எனக்கு இல்லை. மக்கள் நகர்ந்த பக்கம் நானும் நகர்ந்தேன். பாதி நீரைக் கடந்த பின் அருகிலிருந்தவரிடம், "மட்டாஞ்சேரி எப்போது வரும்?" என்றேன். அவர் தொலைவில் தெரிந்த ஓட்டுக்கூரைகளைக் காட்டி, "அது வராது சாரே, நீங்கதான் போகணும்" என்றார். சுற்றியிருந்தோர் சிரித்தனர்.

தீவில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. பூட்டிய கிடங்குகளும் துறைமுக அலுவலகங்களும் மழைநீர் தேங்கிய அகன்ற சாலையுமாக அது வாய் திறவாமல் கிடந்தது. தானி ஒன்றை மறித்து ஏறினேன். ஓட்டுநர் தேனிப் பக்கத்துக்காரர். என் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்தார்.

"ஐயா என்ன, கோயிலுக்கா?"

"இல்லை. நீர்நாயைப் பார்க்க வந்தேன்."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை நோக்கினார். "நாயைப் பாக்கவா ஐயா இம்புட்டுத் தூரம்? எங்க தெருவுல இருக்கிறதைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு நானே வண்டிக்காசு வாங்க மாட்டேன்."

பாலத்தின் மீது காற்று வண்டியைத் தள்ளிற்று. அச்சகத்தார் திங்கட்கிழமை தாள் ஏற்றுவதாகச் சொல்லியிருந்தனர். அதற்குள் ஒரு பக்கத்தின் அடியில் ஒரு பெயரை நான் நிரப்ப வேண்டும், அன்றேல் அந்தப் பக்கத்தையே நீக்க வேண்டும்.

மயிலாடுதுறையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் மூவர் சேர்ந்து காட்டுயிர்ப் பாடல்களைத் தொகுத்து வருகிறோம். தொடங்கியபோது எமக்கு ஒரு நெறியும் இல்லை. பாடல்கள் வந்து குவிந்தன. கொல்லிமலைச் சரிவில் அரிமாவைக் கண்டு மெய்சிலிர்த்ததாக ஒருவர் எழுதியிருந்தார். மற்றொருவரின் புலி அவரை நோக்கிப் புன்முறுவல் செய்தது. நொந்துபோய் நெறியொன்றை வகுத்தோம்: புலவர் தம் கண்ணால் கண்ட விலங்கையே பாட வேண்டும், ஒவ்வொரு பாடலின் அடியிலும் கண்ட இடமும், உடன் கண்டவர் பெயரும் அச்சாகும். முதுமலைச் சாலையில் களிறு குறுக்கிட்டதை நான் பாடியிருக்கிறேன். எனக்குப் பேருந்து நிறைய மக்கள் உடன் கண்டவர்.

அந்த அறிவிப்பு கைப்பேசி வழியாக எங்கெங்கோ சுற்றி, மட்டாஞ்சேரியில் சுக்கும் மிளகும் விற்கும் குடும்பத்துச் சுபைதாவை அடைந்தது. அவர் முன்னோர் தமிழ் பேசும் இராவுத்தர்கள். வீட்டுமொழி இன்றும் தமிழே. ஆயினும் பள்ளியில் பயின்றது மலையாளம். தமிழ் எழுத்தைத் தட்டுத்தடுமாறிப் படிப்பார், எழுத வராது. எனவே அறிவிப்பைக் கண்ட அன்றே பாடலை வாயால் சொல்லி ஒலிச்செய்தியாக அனுப்பினார். பின்னணியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் கேட்டு எழுதிய வடிவம் இது:

படியில ஏறி நின்னது.
நனைஞ்ச உடம்பு, வாயில மீன்.
அது யாருக்கும் காத்திருக்கலை.
அதுக்கும் யாரும் காத்திருக்கலை.
தின்னு முடிச்சு
தண்ணிக்குள்ள ஒத்தைக்குப் போச்சு.
படியில ஈரம் மட்டும்
கொஞ்ச நேரம் இருந்தது.

பேச்சுத்தமிழில் அமைந்த பாடலை நான் எளிதில் ஏற்பவனல்லன். இதில் ஒரு சொல்லையும் மாற்றக் கை வரவில்லை. நண்பர் இருவரும் அவ்வாறே உரைத்தனர். ஆனால் உடன் கண்டவர் என்னும் இடம் வெற்றிடமாக இருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "யாரும் இல்லை மாஷே. நான் மட்டும்தான் கண்டேன்" என்றார். அங்கே ஆசிரியரை மாஷ் என்றே விளிப்பர். நெறியை விளக்கினேன். சற்று நேரம் பேச்சில்லை. பின்பு, "அப்ப நீங்களே வாங்க. அது இறங்கின படியில வந்து நில்லுங்க. திரும்பவும் வந்தா நீங்களே சாட்சி" என்றார். அதே படியில் அதே விலங்கை நானும் கண்டால் என் பெயரைப் போடலாம் என்று நண்பர்கள் இசைந்தனர். அதனால் புறப்பட்டேன்.

கடைத்தெரு என்னைத் தும்மலோடு வரவேற்றது. சாக்கு மூட்டைகளிலிருந்து சுக்கின் காரமும் மிளகின் காரமும் எழுந்து மூக்கைத் துளைத்தன. கடை வாயிலில் சுபைதாவின் தம்பி கபீர் அமர்ந்திருந்தார், நாற்பதை எட்டியிருப்பார். பக்கத்துத் தேநீர்க்கடையில் நின்ற ஆடவர் நால்வர் எம் உரையாடலைக் கேட்கவே நின்றனர் என்பது விரைவில் விளங்கிற்று.

"மாஷே, வாங்க வாங்க. பெருச்சாழியைக் காணவா இத்தனை தூரம்?" என்றார் கபீர்.

பெருச்சாளியை அவர்கள் அவ்வாறு சொல்கின்றனர். தேநீர்க்கடைக்காரர் மலையாளத்தில் கூவினார்: "நம் பெருச்சாளிக்குப் பாட்டு வந்தது, இப்போது வாத்தியாரும் வந்தார். இனிச் சிலை வைக்க வேண்டியதுதான்!" உள்ளேயிருந்து ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி முக்காட்டைச் சரிசெய்தபடி வந்தார். சிரித்தவர்களை அவர் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்து, "சாயா குடிச்சிட்டுப் படிக்குப் போலாம்" என்றார். அவரே சுபைதா.

கடையின் பின்புறம் கிடங்கு. கிடங்கின் பின்புறம் நீர். காயலிலிருந்து ஒரு சிறு தோடு, அதாவது வாய்க்கால், வீடுகளுக்கு இடையே நுழைகிறது. அதில் இறங்கும் கற்படிகளில் முற்காலத்தில் மூட்டைகளைப் படகில் ஏற்றுவராம். இன்று பாசி மட்டுமே ஏறுகிறது. எதிர்க்கரையில் ஓட்டு வீடொன்று. அதன் மாடிச் சாளரம் நேரே தோட்டைப் பார்க்கிறது. இப்பால் கிடங்குச் சுவர் நீர்மேல் துருத்தி நிற்பதால், படியில் நிற்பவருக்குத் தோட்டின் வளைவு தெரிவதில்லை.

"இங்கதான். துலாம் மாச மழை. நான் அந்த வாசல்ல இருந்தேன். அது இந்தப் படியில" என்று தொட்டுக் காட்டினார். ஐப்பசியை அவர்கள் துலாம் என்பர்.

அன்று மாலை முழுதும் நின்றேன். ஒரு கொக்கு வந்தது. மிதவைப் புட்டிகள் வந்தன. எங்கள் காவிரிப் படித்துறையில் நின்றால் அரை நாழிகையில் மனம் அடங்கும். இங்கே அடங்கவில்லை. நீர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. எந்தப் பக்கம் ஓடுகிறதென்று எனக்குப் பிடிபடவேயில்லை. காலை மாற்றி மாற்றி நின்றேன். குடையை விரித்தேன், மடக்கினேன்.

விடுதிக்குக் கபீர் உடன் நடந்து வந்தார். கடைத்தெருவைத் தாண்டியதும் அவர் குரல் மாறிற்று.

"மாஷே, நான் கேலி பண்றது பொய்யாக்கும். எனக்குப் பயம்."

"எதற்கு?"

"மச்சான் மரிச்ச பிறகு அக்கா ஒரு வருஷம் சரியா இல்லை. ராத்திரி படியில ஆள் சத்தம் கேக்குதுன்னு சொல்லும். யாரும் இருக்க மாட்டாங்க. டாக்டர்ட்ட காட்டி, மாத்திரை தின்னு, எல்லாம் சரியாச்சு. பின்னே திடீர்னு படியில நீர்நாய் கண்டேன்னு வந்து நிக்குது. இந்தத் தோட்டுல நான் பிறந்ததிலிருந்து பெருச்சாழியைத் தவிர ஒண்ணும் கண்டதில்லை. நான் என்ன நினைக்க? பெருச்சாழின்னு சொல்லிச் சிரிச்சா, கண்ணு தப்பிப்போச்சுன்னு ஆகும். சிரிக்காம இருந்தா, வேற ஒண்ணுன்னு ஆகும்." சற்று நின்றார். "திங்கட்கிழமை களமசேரியில டாக்டரைக் காண நேரம் வாங்கியிருக்கேன். அக்காவுக்குத் தெரியும்."

அந்த ஒலிச்செய்தி ஏன் அத்தனை விரைவாக வந்தது என்பதும், நெறியைக் கேட்டதும் அவர் ஏன் சற்று நேரம் பேசாதிருந்தார் என்பதும் அப்போது விளங்கின. கண்ணால் கண்டதை மட்டுமே அச்சிடும் நூலென்று நாங்கள் பெருமையாக அறிவித்திருந்தோம். அந்நூலில் அப்பாடல் வந்தால் அவர் கண்டது கண்டதே. வராவிட்டால், நாங்களும் களமசேரிக்குச் செல்லும் வண்டியில் அவரை ஏற்றியவர்கள் ஆவோம். அன்று எனக்கு உறக்கம் நன்றாக வரவில்லை.

மறுநாள் காலையுணவு புட்டும் கடலையும். மாவை வேகவைத்து உதிர்த்துத் தின்பதில் எங்கள் ஊருக்கு உடன்பாடு இல்லை. ஆயினும் பழம் பிசைந்து உண்டபோது குறை சொல்ல ஏதுமில்லை. குடிக்கத் தந்த வெந்நீர் இளஞ்சிவப்பாக இருந்தது. மூலிகைப் பட்டை இட்டுக் காய்ச்சியதாம். நிறத்தைக் கண்டு நான் தயங்க, பரிமாறியவர், "பயப்படண்டா, வெள்ளம்தான்" என்றார். இங்கே வெள்ளம் என்பது தண்ணீர்.

படிக்குச் சென்றேன். மழை ஓய்ந்திருந்தது. சிறிது நேரத்தில் படியோரப் பாசியில் ஏதோ அசைந்தது. கருமையான, நனைந்த, தடித்த உடல். "சுபைதா!" என்று என்னையறியாமல் கூவிவிட்டேன். அது கல்லின் மேல் ஏறித் திரும்பியது. கூர்மூக்கு, மயிரற்ற நீண்ட வால். என் இருபதாண்டுத் தமிழாசிரியப் பணியில் ஒரு பெருச்சாளி இத்துணை மனச்சோர்வை எனக்கு அளித்ததில்லை. ஓடிவந்த கபீரும் கண்டார், தேநீர்க்கடைக்காரரும் கண்டார். "மாஷும் நீர்நாய் கண்டார்!" என்னும் செய்தி எனக்கு முன்பாகவே தெருவை அடைந்தது.

சுபைதா படியருகே வந்து, "இதுவா மாஷே நான் பாட்டுல சொன்னது? இதைத் தெரியாதா எனக்கு? தினமும் என் சுக்கைத் தின்னுற சாதி" என்றார்.

அவர்கள் கலைந்த பின்னும் நான் அசையாது நின்றேன். எதிர்க்கரைச் சாளரம் திறந்தது. உள்ளே ஓட்டுக் கூரையின் கீழ்ச் சாய்ந்த தட்டியில் வெண்வட்டங்களாகப் பப்படங்கள் பரப்பியிருந்தனர். நரைத்த கொண்டையில் பூச்சூடிய மூதாட்டி எட்டிப் பார்த்தார். மலையாளத்தில் அவர் உரைத்ததைத் தமிழில் தருகிறேன்.

"நேற்றிலிருந்து நிற்கிறீரே, யார் நீர்? அந்த மிளகாய்க்காரி சுபைதா வைத்த காவலா?"

நான் அறிந்த குறைமலையாளத்தில் வந்த காரணத்தைக் கூறினேன்.

"பகலிலா? அவள் கிடங்கில் அரவை இயந்திரம் ஓடும்போது அது எப்படி வரும்? அதற்குக் காது கேட்கும், உம்மைப் போலல்ல."

"அம்மா, நீங்கள் அதைக் கண்டிருக்கிறீர்களா?"

அவர் உள்ளே குனிந்தார். பப்படங்களைப் புரட்டத் தொடங்கினார். பின், "அவள் என்னிடம் கேட்கவில்லையே" என்று சொல்லிச் சாளரத்தை அடைத்தார்.

நண்பகலில் சுபைதாவின் வீட்டில் விருந்து. எனக்காகத் தனிக்கலத்தில் மரக்கறிச் சமையல். பருமனான செவ்வரிசிச் சோறு. காவிரிப்படுகைக்காரனுக்கு அது சோறென்று ஒத்துக்கொள்ளவே ஒரு கவளம் பிடிக்கும். கூட்டுக்கறி அருமை. உண்ணும்போதே எதிர்வீட்டு அம்மையாரைப் பற்றிக் கேட்டேன். அகப்பை கலத்தில் இடித்து நின்றது.

"ரத்னா பாயியா? அவங்களைப் பத்திப் பேசாதீங்க மாஷே."

கபீர்தான் கதையைச் சொன்னார். ரத்னா பாயி கொங்கணிக் குடும்பத்தவர். பப்படம் இட்டு விற்பவர். கடந்த ஓணத்துக்கு முன் திருமண விருந்தொன்றுக்குப் பெருந்தொகையாகப் பப்படம் இட்டு மாடியில் உலர்த்தியிருந்தார். அன்று சுபைதா கிடங்கு வாயிலைத் திறந்து வைத்து மிளகாய் புடைத்தார். காற்று தோட்டைக் கடந்தது. விருந்தினர் பாயசத்தோடு பப்படம் நொறுக்கி உண்ட வேளையில் கண்ணீர் விட்டனராம்.

"அது என் தப்புதான்" என்றார் சுபைதா. "சொன்னேன். தெருவுல நின்னு சொன்னேன். ஆனா அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? அத்தனை பேர் கேக்க, 'இவளுக்குத் தலைக்குச் சுகமில்லை, கெட்டியவன் போனப்பவே போச்சு'ன்னு சொன்னாங்க. அவங்க வாயிலயா நான் சாட்சி கேக்கணும்? எனக்குப் புத்தி சரியா இருக்குன்னு அவங்க சொல்லணுமா?"

"அவர் கண்டிருக்கிறார், சுபைதா."

"கண்டா கண்டோட்டே, எனக்கென்ன. இத்தனை மாசம் தெருவே பெருச்சாழின்னு சிரிச்சப்ப அந்த ஜன்னலும் திறந்துதான் இருந்துச்சு."

நான் கூட்டுக்கறியை மீண்டும் இட்டுக்கொண்டேன்.

மாலையில் என்னால் ஓரிடத்தில் இருக்க இயலவில்லை. கடைத்தெருவில் நடந்தேன், பழம்பொருள் கடைகளில் வெளிநாட்டவர் பித்தளைப் பூட்டுகளை விலை பேசினர், துறைவரை சென்று திரும்பினேன், மீண்டும் சென்றேன். ஒரு பெயரைப் பெற்றுவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றிற்று. நானே சென்று கேட்டால் என்ன? தோட்டின் மேலுள்ள குறுகிய பாலத்தைக் கடந்து ரத்னா பாயியின் வாயிலில் நின்றேன். உளுந்து மாவின் மணம். அவர் உருண்டைகளைத் தேய்த்துக்கொண்டே என்னை நிமிர்ந்து நோக்கினார்.

"பெயர் தருவீர்களா அம்மா? நூலில் அச்சாகும்."

"தருவேன். ஆனால் உமக்குத் தரமாட்டேன். அவள் வந்து கேட்கட்டும்."

"நீங்கள் அன்று சொன்ன சொல் அவருக்கு இன்னும் ஆறவில்லை."

மாவின் மேல் கை நின்றது. "என் பப்படமும்தான் ஆறவில்லை" என்றார். பின்பு தாழ்ந்த குரலில், "சொல்லக்கூடாத சொல். வாயிலிருந்து விழுந்துவிட்டது. அவள் வந்தால் பேசுவேன். நானாகப் போனால் தெரு என்ன சொல்லும்?" என்றார்.

ஒருவர் கேட்காமல் மற்றவர் சொல்லார். மற்றவர் சொல்லாமல் இவர் கேளார். இடையே அந்த விலங்கு மாதக்கணக்காகப் பெருச்சாளியாகவே இருந்து வருகிறது. நான் கடைக்குத் திரும்பி, கேட்டதைக் கேட்டவாறே சுபைதாவிடம் உரைத்தேன். அவர் சுக்கைத் தரம் பிரித்துக்கொண்டே கேட்டார்.

மூன்றாம் நாள் ஞாயிறு. விடியலிலிருந்தே மழை. அரவை இயந்திரத்துக்கு ஓய்வு. நான் படியில் நின்றேன், ஏதும் வரவில்லை. கபீர் மறுநாள் களமசேரிக்குச் செல்ல வண்டி சொல்லிக்கொண்டிருந்தது கடையின் உள்ளிருந்து கேட்டது. சுபைதாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். திடீரென எழுந்து குடையை எடுத்தார்.

"மாஷே, வாங்க."

பாலத்தைக் கடந்தார். வாயிலுக்குச் செல்லவில்லை. மாடிச் சாளரத்துக்குக் கீழே, தோட்டின் ஓரத்தில் நின்று மேலே பார்த்துக் கூவினார். மழையை மீற வேண்டியிருந்ததால் தெரு முழுதும் கேட்டது.

"பாயீ! ஏ பாயீ!"

சாளரம் உடனே திறந்தது. காத்திருந்தார் போலும்.

"என்ன?"

"துலாம் மழையில எங்க படியில ஒண்ணு ஏறிச்சு. நீங்க கண்டோ?"

"கண்டு."

"பெருச்சாழியா?"

"சே! நீர்நாய். எனக்கென்ன, கண் இல்லையா?"

சுபைதாவின் குடை சாய்ந்தது. மழை முக்காட்டை நனைத்தது. தேநீர்க்கடை அமைதியாகிவிட்டதை நான் உணர்ந்தேன். கபீர் கிடங்குப் படியில் வந்து நின்றார். சுபைதா வாய் திறக்குமுன் மேலிருந்து குரல் தொடர்ந்தது.

"ரெண்டெண்ணம்."

"என்னது?"

"ரெண்டு நீர்நாய்."

"ஒண்ணு!" என்றார் சுபைதா.

"ரெண்டு. உன் படியில் இருந்தது ஒன்று. இந்த வளைவில், என் சுவரோரம், இன்னொன்று. சீழ்க்கை போலக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. உன் படியிலிருந்தது தின்று முடித்து இதனிடம் வந்தது. சேர்ந்தே போயின."

"பாயீ, நான் பக்கத்துல நின்னு கண்டவ. ஒண்ணுதான்!"

"நான் மேலே நின்று கண்டவள். உன் சுவர் உனக்கு மறைக்கும், எனக்கு மறைக்குமா?"

"கூப்பிட்டுச்சுன்னா எனக்குக் கேக்காதா?"

"மழையில் என்ன கேட்கும்? இப்போதே நான் சொல்வது உனக்குக் கேட்கவில்லை!"

இருவர் குரலும் ஏறிற்று. தேநீர்க்கடையிலிருந்து ஆட்கள் குடையின்றியே பாலத்தின் மேல் வந்து நின்றனர். ஒருவர், "சுபைதா இத்தா பக்கத்துல நின்னவங்க, அவங்க சொல்றதே சரி" என்றார். மற்றொருவர், "நீர்நாய் தனித்துத் திரியாது, பாயி சொல்வதே சரி" என்றார். தேநீர்க்கடைக்காரர் தம் உறவினர் ஊரில் ஒரு கூட்டத்தையே கண்டதாகக் கூறி இரண்டின் பக்கம் சேர்ந்தார். நேற்றுவரை சிலை வைக்கப் புறப்பட்டவர் அவரே. ஒன்றா இரண்டா என்பதில் தெரு இரண்டாகப் பிரிந்தது. பெருச்சாளியை எவரும் நினைக்கவில்லை.

நான் கபீரைப் பார்த்தேன். அவர் படியில் அமர்ந்துவிட்டார். நனைந்த கல்லில், வேட்டி நனைய, அமர்ந்து இரு பெண்டிரின் பூசலையும் உற்றுக் கேட்டுக்கொண்டிருந்தார். பூசல் நீள நீள அவர் முகம் தெளிந்தது. "இன்னும் கேளுங்க, விடாதீங்க!" என்று எதிர்க்கரையிலிருந்து கூவினார். எவருக்கு ஆதரவாகக் கூவினார் என்று அவருக்கே தெரிந்திராது.

முடிவில் ரத்னா பாயி களைத்தார். "நனைந்துகொண்டே நிற்கிறாளே, மேலே வந்து சண்டை போடச் சொல்லும்" என்று என்னிடம் சொன்னார். சுபைதா செல்லவில்லை. ஆனால் திரும்புமுன், "சாயங்காலம் வர்றேன்" என்றார்.

மாலையில் சென்றாரா, அங்கே என்ன பேசினர் என்பன நான் அறியாதவை. கபீர் களமசேரி மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்ததை மட்டும் அறிவேன். "இல்லை டாக்டர், அக்காவுக்கு ஒண்ணும் இல்லை... ஆமா, அது நிஜம் நீர்நாய்தான்... இல்லை, எனக்கும் ஒண்ணும் இல்லை" என்று அவர் திணறிக்கொண்டிருந்தார்.

திங்கள் காலை நான் புறப்படும் நேரம். அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தவண்ணம் இருந்தது. பெயர் கிடைத்துவிட்டது, ஆனால் பாடல் சிக்கலாகிவிட்டது. நெறி என் நெறி. அதை நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை. சுபைதாவிடம் கூறினேன்: "ரத்னா பாயியைச் சான்றாக்கினால் அவர் கண்டதும் சான்றே. சேர்ந்தே போயின என்கிறார். உங்கள் பாடலோ 'ஒத்தைக்குப் போச்சு' என்கிறது. அந்தச் சொல்லை எடுத்துவிடலாமா? 'தண்ணிக்குள்ள போச்சு' என்று நிறுத்தினால் எவருக்கும் முரணில்லை."

அவர் சுக்கை முறத்தில் கொட்டினார். நெடுநேரம் விரலால் அளைந்தார்.

"நேத்து ராத்திரி நானும் அதைத்தான் நினைச்சேன் மாஷே. பின்னால ஒண்ணு நின்னு கூப்பிட்டுச்சுன்னா நல்லதுதானே. அதுக்கு ஆள் இருக்கு. சந்தோஷம்." முறத்தை ஒருமுறை தட்டினார். "ஆனா அன்னைக்கு அந்த வாசல்ல நின்னது நான். என் கண்ணுக்கு அது ஒத்தைக்குத்தான் போச்சு. அதை எடுத்தா அது பாட்டு ஆகாது. பாயி கண்டதுக்கு நான் எப்படிப் பாடுவேன்?"

"அப்படியானால் சான்று வேண்டாமா?"

"வேணும். பாயி பேரைப் போடுங்க." என்னை நேராக நோக்கினார். "ரெண்டுன்னும் போடுங்க. அவங்க சொன்னதை மறைச்சுப் பேரை மட்டும் வாங்கினா அது களவு."

எங்கள் நெறியில் அதற்கு இடமில்லை. உடன் கண்டவர் என்றால் உடன்பட்டுக் கண்டவர் என்றே நாங்கள் மூவரும் கொண்டிருந்தோம். தொடர்வண்டி நிலையம் வரை இதையே புரட்டிக்கொண்டிருந்தேன். இம்முறை சரியான படகில் ஏறினேன். நீரில் கண் வைத்தேன். கருமையாக எது மிதந்தாலும் எழுந்து நின்றேன். எல்லாம் மரக்கட்டைகளும் புட்டிகளுமே. நான் அதைக் காணவேயில்லை. நண்பர்களை அழைத்து நடந்ததைச் சொன்னேன். ஒருவர் சினந்தார், மற்றவர் சிரித்தார். அச்சகத்தார் இனிப் பொறுக்க இயலாதென்றனர். எர்ணாகுளத்து நடைமேடையில், ஒலிபெருக்கியின் இரைச்சலுக்கிடையே ஒரு காதைப் பொத்திக்கொண்டு, அப்பாடலின் அடியில் வரவேண்டிய வரிகளைச் சொல் சொல்லாக நானே சொல்லி எழுதுவித்தேன்.

கண்ட இடம்: மட்டாஞ்சேரி, தோட்டுப்படி. பாடியவர் கண்டது: ஒன்று.
உடன் கண்டவர்: எதிர்க்கரை ரத்னா பாயி. அவர் கண்டவை: இரண்டு.